நாற்பது நாள் ஒருசந்தி

அத்தியாயம் பன்னிரண்டு

தட்டில் இட்லி இருந்தது. சட்னி இருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. எல்லாவற்றையும் வைத்துவிட்டு இன்னாசிமேரி சமையலறைக்குள் போய்விட்டாள். தோமினிக்குக்கு ஒரு வார்த்தை இல்லை.

இன்றோடு எட்டு நாள்.

ஃபேர்லேண்ட்ஸ் சர்க்கரை மருத்துவமனையிலிருந்து பதில் கடிதம் வந்த அன்று தொடங்கியது இது. கடிதத்தை நின்றபடியே படித்தாள். நான்காய் மடித்தாள். மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தாள். அதன்பின் மகள் மெர்லினிடம் பேசினாள், பக்கத்து வீட்டு மயிலம்மாளிடம் பேசினாள், வாசலுக்கு வந்த கீரைக்காரியிடம்கூடப் பேசினாள். கட்டியவரிடம் பேசவில்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'நோன்பு இருப்பதை நோயாளி எங்களிடம் தெரிவிக்கவில்லை. இதை அவருடைய கணவரே சொல்லியிருக்கிறார்.'

சொல்லித்தான் இருந்தார்.

நாற்பது நாள் நோன்பு தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள் அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பழைய மாத்திரையை மாற்றிப் புது மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. வீட்டு மெஷினில் பார்த்தால் சர்க்கரை நூற்று எழுபத்து நான்கு. அங்கேயே கொண்டுபோய்க் காட்டினார்கள். "சுகர் நல்லாத்தான் இருக்கு" என்று வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை மூச்சு இரைத்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இருந்த இளம் டாக்டரம்மாதான் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொன்னாள். "சுகர் ஏறாமலே ரத்தம் புளிச்சுப் போயிருக்குங்க. இந்த மாத்திரையில அபூர்வமா இப்படி வரும். பட்டினி கிடந்தா வர்ற வாய்ப்பு அதிகம். ஏன் நோன்பு இருந்தாங்க? மாத்திரை குடுத்தவங்ககிட்ட சொல்லலையா?"

அப்போது தோமினிக் சொன்ன வாக்கியம் அது. "யார்கிட்டயும் சொல்லலீங்க. ஃபாதரே வேணாம்னாரு, கேக்கல."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதினாள். ஐந்து நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளிலும் அது இருந்தது. அந்தத் தாளின் நகலை வைத்துத்தான் மெர்லின் ஃபேர்லேண்ட்ஸுக்கு விளக்கம் கேட்டு எழுதினாள். அவர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த அன்று இன்னாசிமேரி ஒரே ஒரு தடவை சொன்னாள். "நான் அங்க சொன்னேங்க."

"எழுதியிருக்கா மேரி?" என்று கேட்டார் தோமினிக்.

அவர்களுக்குள் நடந்த பேச்சில் அதுதான் கடைசி.

முப்பத்தோரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். பஸ் வந்த மணி, கிளம்பிய மணி, தாமதத்துக்குக் காரணம். நோட்டில் ஏறாத பஸ் வரவே இல்லை என்று அர்த்தம். அந்த வழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்டது தப்பென்று அவருக்கு இன்னும் முழுதாகத் தோன்றவில்லை. ஆனால் இட்லி இறங்கவில்லை.

"அப்பா, மணி எட்டே முக்கால்" என்றாள் மெர்லின். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "எழுவத்திரண்டு மணி நேரம் இன்னிக்கு முடியுது."

வாசலில் செருப்பை மாட்டும்போது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மயிலம்மாளின் தலை தெரிந்தது. தலைக்குக் குளித்து ஈரத் துண்டு சுற்றியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தோமினிக்கண்ணே, டவுனுக்குங்களா?"

"ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும்மா."

"நம்ம சக்கர ஆஸ்பத்திரிக்குத்தானுங்க? நல்லதாப் போச்சு. கீழ மருந்துக்கடையில இந்தச் சீட்டக் காட்டி ஒரு பட்டை வாங்கியாங்க. கடைசி மாத்திரையக் காலையில போட்டுட்டேன். கோயில் பண்டிகைக்கு நாளைக்குப் பூங்கரகம் எடுக்கோணும், எனக்கு அலைய முடியாது."

"உடம்புக்கு என்னம்மா, சோர்ந்து தெரியறியே?"

"பூச்சாட்டினதுலேர்ந்து ஒருசந்திங்கண்ணே. அதான். ஆத்தா பாத்துக்குவா."

சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆத்தூரிலிருந்து வந்த பஸ் அயோத்தியாப்பட்டணம் நிறுத்தத்தைத் தாண்டும் முன் இருவரும் ஓடிப்போய் ஏறினார்கள்.

*

மருத்துவமனையில் ஆவணப் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நந்தகுமார். திங்கட்கிழமை விண்ணப்பத்தை வாங்கியவனும் அவன்தான்.

"அக்கா, எம்.டி. சார் கோயம்புத்தூர் போயிருக்காருங்க. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு வரமுடியாதுங்க" என்றாள் மெர்லின். "நோயாளி கேட்டா எழுவத்திரண்டு மணி நேரத்துக்குள்ள குடுக்கோணும். மருத்துவக் கவுன்சில் விதி. எங்கம்மா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் இருக்கு."

"குடுக்க மாட்டோம்னு யாருங்க சொன்னா? சம்மரி ஒண்ணு அடிச்சுத் தர்றேன். ஒரே பக்கம், அழகா இருக்கும்."

"அழகு வேண்டாங்க. முழுசும் வேணும். நர்ஸ் எழுதினது, டாக்டர் எழுதினது, எல்லாம்."

நந்தகுமார் தோமினிக்கைப் பார்த்தான். பெரியவர்கள் வந்தால் கொஞ்சம் இறங்கிப் பேசுவார்கள் என்பது அவன் அனுபவம். தோமினிக் சட்டைப்பையிலிருந்து ஒப்புகைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்து, முத்திரைக்குக் கீழே விரலை வைத்தார். திங்கட்கிழமை முத்திரை குத்தியபோது, 'தேதி மட்டும் போதாது தம்பி, மணியையும் போடுங்க' என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். மெர்லினுக்கே அன்று எரிச்சலாக இருந்தது. பத்து நாற்பது என்று நந்தகுமாரின் கையெழுத்திலேயே இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து இருபத்தைந்து.

"இன்னும் கால்மணி இருக்கு" என்றார் தோமினிக். "உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்தார்கள். எதிரே சுவரில் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் சிரிக்கும் படம். நந்தகுமார் இரண்டு தடவை போன் பேசினான். ஒரு தடவை எழுந்து உள்ளே போய் வந்தான். தோமினிக் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பத்து நாற்பதுக்கு எழுந்து நின்றார்.

"என்னங்க பெரியவரே, பஸ்ஸா கிளம்புது?"

"பஸ்ஸா இருந்தா அஞ்சு நிமிஷம் விட்டுக் குடுத்திருப்பேன் தம்பி."

நந்தகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது கடினம். மேசை இழுப்பறையைத் திறந்தான். நகல் எடுத்து முத்திரை குத்திய ஒன்பது தாள்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தன.

வெளியே வரும்போது மருந்துக்கடையில் மயிலம்மாளின் சீட்டை நீட்டினார். பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்ததை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

*

ஆத்தூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. மெர்லின் நேராக டாக்டர் எழுதிய பக்கத்துக்குப் போனாள்.

"பாருங்கப்பா. பழைய மாத்திரை நிறுத்தம், புதுசு ஒரு வேளை. அவ்வளவுதான். பக்கவிளைவு சொன்னதா ஒரு எழுத்து இல்ல. பட்டினி கிடக்காதீங்க, வாந்தி வந்தா நிறுத்திட்டு வாங்க, எதுவும் இல்ல. இதைச் சொல்லியிருக்கோணும்ப்பா. கேட்டுத் தெரிஞ்சுக்கறது நோயாளியோட உரிமை, சொல்றது அவங்க கடமை. வக்கீல் அதைத்தான் சொன்னாரு."

"ம்."

"ரெண்டு வருசத்துக்குள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அது ஒரு பக்கம். மருந்தால வந்த கெடுதலை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கு, நோயாளியே எழுதலாம். அதை ராத்திரியே நிரப்பிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அவங்க கையில உங்க வார்த்தை இருக்குப்பா. 'சொல்லவே இல்ல'ன்னு ஆணையத்துலயும் அதைத்தான் காட்டுவாங்க."

தோமினிக் தாள்களை வாங்கிக்கொண்டார். அவர் எந்த நோட்டையும் நடுவில் திறந்து படித்தவர் அல்ல. முதல் தாள், முதல் கட்டம். டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் நிரப்பும் தாள் அது. பெயர். வயது. எடை. ரத்த அழுத்தம். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார்.

உணவு என்ற கட்டத்தில் விரல் நின்றது.

பஸ் உடையாப்பட்டியைத் தாண்டியது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். விரல் நின்ற இடத்திலேயே இருந்தது.

"மெர்லின், இது என்ன எழுத்து?"

அவள் குனிந்து பார்த்தாள். "வெஜ். நாப்பது நாள்." மறுபடி படித்தாள். "வெஜ்ஜா? நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கறி எடுக்காம வந்திருக்கோமா? அதென்ன நாப்பது நாளைக்கு மட்டும் வெஜ்?"

கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

சைவக்காரர் யாரும் நாள் கணக்கு வைத்துச் சைவமாக இருப்பதில்லை. நாற்பது என்ற எண்ணை அந்த நர்ஸ் தானாகக் கண்டுபிடித்து எழுதியிருக்க முடியாது. யாரோ சொல்லித்தான் எழுதியிருக்கிறாள். அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தார் தோமினிக். கீழே, டீக்கடை பெஞ்சில். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாததைத்தான் பெரியாஸ்பத்திரியில் தெரிந்ததுபோலச் சொன்னார்.

முப்பத்தோரு வருடத்தில், கண்ணால் பார்க்காத பஸ்ஸை அவர் ஒரு தடவைகூட நோட்டில் ஏற்றியதில்லை.

அயோத்தியாப்பட்டணம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். 

*

இன்னாசிமேரி சாப்பாட்டு மேசையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோமினிக் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன சொல்லித் தொடங்குவதென்று பஸ்ஸிலிருந்து யோசித்தும் எதுவும் கிடைக்கவில்லை. முதல் தாளை மட்டும் அவள் பக்கம் தள்ளி, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

அவள் விரலைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மெர்லினைப் பார்த்துக் கேட்டாள். "என்னடி எழுதியிருக்கு?"

"வெஜ், நாப்பது நாள்னு."

கத்தி அவரைக்காயின் மேலேயே நின்றது.

"அந்தப் புள்ள பேரு அன்புச்செல்வி" என்றாள் இன்னாசிமேரி, மகளிடமே. "கை நடுங்காம ஊசி போடும். 'சைவமா அசைவமாம்மா'ன்னு கேட்டுச்சு. 'நாப்பது நாளைக்கு ஒருசந்தி கண்ணு'ன்னேன். தலையாட்டிட்டு எழுதுச்சு. நான் சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன்."

"ஒருசந்தின்னா அவங்களுக்கு என்னம்மா?"

"இது தெரியாதா? பக்கத்து வீட்டுல பார்த்ததில்ல? புரட்டாசி சனிக்கிழமை ஒருசந்தின்னா கவிச்சி கிடையாது, அவ்வளவுதான். இலை போட்டு, பொங்கி, மூணு பொரியலு, வடை. உங்கப்பாவே ஆறு வடை தின்னுட்டு வருவாரு. நமக்கு ஒருசந்தின்னா நாளைக்கு ஒரு வேளைச் சோறு. வார்த்தை ஒண்ணுதான். அந்தப் புள்ள அவங்க வீட்டு ஒருசந்திய எழுதிருச்சு."

ஆறு வடை என்றபோது மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. தோமினிக்குக்கு வரவில்லை.

"பதினோரு வருசமா சர்க்கரை. பதினோரு வருசமும் ஒருசந்தி இருந்திருக்கேன். பழைய மாத்திரையில ஒரு நாளும் ஒண்ணும் ஆகல" என்றாள் இன்னாசிமேரி. குரல் ஏறவில்லை. "புதுசைக் குடுத்தவரு மூஞ்சியக்கூட நிமிரல. கம்ப்யூட்டரையே பார்த்துட்டு, 'சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, அடுத்த ஆளு'ன்னாரு. எழுது, மெர்லின். ஆனா அந்தப் புள்ள மேல எழுதாத. அது கேக்கவாவது கேட்டுச்சு."

அந்தக் கடைசி வாக்கியம் யாருக்கென்று மூவருக்கும் தெரிந்தது.

தோமினிக் எழுந்தார். மாதா சுரூபத்துக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்தார். "பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்கே போறேன்" என்றார் மகளிடம் சொல்வதுபோல. "நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாம சொன்னதுன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன். மணியோட முத்திரை வாங்கிட்டு வர்றேன்."

இன்னாசிமேரி கத்தியைக் கீழே வைத்தாள்.

சட்டையைக் கழற்ற நினைத்தபோதுதான் பையில் இருந்த கவர் கையில் தட்டுப்பட்டது. எடுத்து மேசையில் வைத்தார். "மயிலம்மா கேட்டது. குடுத்துட்டு வா, மெர்லின்."

கவரின் வாய் திறந்திருந்தது. பட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் மாத்திரைகள்.

இன்னாசிமேரி அதை இழுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் அந்தப் பட்டையைத் தினமும் கையில் பிடித்தவள் அவள் ஒருத்திதான். தோமினிக் அதைப் பார்த்ததே இல்லை. பாதி காலியான அவளுடைய பட்டையை மெர்லின் சாட்சிக்காகப் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

"இவளுக்கும் இதையா குடுத்திருக்காங்க?"

"அம்மா, அது அதேதானா?"

"அதேதான்." நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "நாளைக்குக் கரகம் எடுக்கறா. இது புரட்டாசி ஒருசந்தி இல்லடி. கரகம் எடுக்கறவங்களுக்குச் சோறே கிடையாது. அஞ்சு நாளா ராத்திரி ஒரு டம்ளர் பாலு, ஒரு பழம். அவ்வளவுதான்."

காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வார்த்தை தோமினிக்குக்கு இப்போதுதான் கேட்டது. ஒருசந்திங்கண்ணே. கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டு, சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அவர். அன்புச்செல்வி செய்ததும் அதுதானே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் வாசற்படி தாண்டாத இன்னாசிமேரி, மேசையையும் சுவரையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெர்லின் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். தோமினிக் பின்னால் போனார்.

மயிலம்மாள் வீட்டுக் கூடத்தில் வேப்பிலைக் கட்டும் மஞ்சள் துணியும் தயாராக இருந்தன. அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"மேரியக்கா, நீங்க எதுக்குங்க எந்திரிச்சு வந்தீங்க?" எழ முயன்று முடியாமல் மறுபடி சாய்ந்தாள். "ஒண்ணுமில்லீங்க. பத்து மணியிலேர்ந்து மூணு தடவ வாந்தி எடுத்துட்டேன். வெயிலுதான். சுகர் பார்த்தேன், நூத்தி அறுவத்தெட்டு. நல்லாத்தான் இருக்கு."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கினாள். தோமினிக் கேட்ட மூச்சு அது. மூன்று வாரத்துக்கு முன், அவருடைய வீட்டுக் கட்டிலில்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி" என்றாள் இன்னாசிமேரி.

"நாளைக்குக் கரகமுங்கக்கா. காப்புக் கட்டிட்டு ஊரு எல்லை தாண்டக்கூடாதுங்க."

மயிலம்மாளின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. இன்னாசிமேரி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  

தோமினிக் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"ஏங்க."

எட்டு நாளுக்குப் பிறகு வந்த குரல். அவர் நிமிர்ந்தார்.

"மணியெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். ஓடிப்போய் ஆட்டோ கூட்டியாங்க. பெரியாஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்." மயிலம்மாளின் கையை விடாமலே சொன்னாள். "அங்க கேட்டா இந்தத் தடவை நான் சொல்றேன். நீங்க பேசாதீங்க."

"சரி மேரி" என்றார் தோமினிக். பேனாவை விட்டுவிட்டு, செருப்பில்லாமல் ஆத்தூர் ரோட்டுக்கு ஓடினார்.